ஏற்றிய கண்ணாடி

கண்ணாடியை ஏத்துப்பா என்று பக்கத்து சீட்டிலிருந்து சொன்னது இது மூன்றாவது தடவை. அர்த்தநாரியும் மூன்றாவது தடவையாக ஏற்றினான், ஏற்றாமல் என்ன பண்ணுவது, வண்டியா அவனுடையது. இரண்டு விரல் இடைவெளிதான் விட்டிருந்தான், அதுவும் அந்த மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. பேர் சந்திரமோகன், குமாரபாளையத்தில் துண்டு, லுங்கி வியாபாரம். காலையில் சாவியைக் கொடுக்கும்போதே ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் கொடுத்தார். பின்சீட்டில் அம்மா மடியில் கிடக்கிற பாப்பாவுக்கு மூச்சிளைப்பு உண்டு, மழைக்காற்று ஆகாது, கொல்லிமலை ஏறி இறங்குகிற வரைக்கும் ஒரு கண்ணாடியும் இறங்கக் கூடாது, வெளிக்காற்று உள்ளே வராத மாதிரி ஏசியில் அந்தப் பொத்தானை அமுக்கியே வைத்திருக்க வேண்டும், ஒரு மணிக்கு அறப்பளீஸ்வரர் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். சரிங்க சார் என்றான். வண்டியைக் கிளப்பியதுமே அடியில் பட்பட்டென்று ஒரு சத்தம். சைலன்சருங்களா சார் என்று கேட்டான். வேகத்தடையில் இடித்துக்கொண்டதாம், பட்டறையில் தகரம் சுற்றிக் கம்பி போட்டுக் கட்டிக் கொடுத்தார்களாம், சத்தம் மட்டும்தான் வரும், ஊருக்குப் போய்விட்டு வந்து மாற்றிக்கொள்ளலாம். அதே பட்டறைக்காரன்தான் டிக்கித் தரையில் ஓட்டை போட்டு வயரை இறக்கி வண்டிக்கு அடியில் நீல விளக்கு மாட்டிக் கொடுத்தானாம், அதையும் போட்டுக் காட்டினார், வாசல் முழுக்க நீலமாக விழுந்தது. நல்லாருக்குங்க சார் என்று சொன்னான் அர்த்தநாரி. இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டியவன், கௌஹாத்தி வரைக்கும் போய் வந்தவன், ஊரான் வண்டிக்கு ஆக்டிங் டிரைவராக உட்கார்ந்து நீல விளக்குக்குப் பல்லிளித்தான். நினைக்க நினைக்க நெற்றிப்பொட்டு தெறித்தது. கோபம் வந்தால் அவனுக்குத் தலைவலி வரும், பிடரி வரைக்கும் இறங்கும், அது அவன் பெண்டாட்டி காவேரிக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும். எடப்பாடிப் பிரிவு தாண்டும்போதே இன்றைக்கு ஆரம்பித்துவிட்டது.

மழை பிடித்துக்கொண்டிருந்தது, துடைப்பான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது, அதைப் பார்க்கப் பார்க்க வலி ஏறியது. சந்திரமோகனும் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொண்டுதான் இருந்தார், வண்டி பூராவும் தைல வாடை, பின்னாலிருந்து எலுமிச்சம்பழ வாடை, வளைவுகளில் வாந்தி வராமல் இருக்க அந்த அம்மா பாப்பா மூக்கில் பழத்தை நகத்தால் கீறிக் கீறி வைத்துக்கொண்டே வந்தது. மலை ஏறுகிற எல்லா வண்டியிலும் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கும், அதை முகர்ந்துகொண்டே எழுபது கொண்டை ஊசி வளைவையும் ஏறிவிடலாம் என்று ஒரு நம்பிக்கை. ஏறட்டும். அவனுக்கு என்ன வந்தது. முதல் கியரில் வண்டி முனகியது. அவனைப் போலவே ஆக்டிங் ஓட்டிய மாதேசு இருந்திருந்தால் இந்தச் சவாரியை ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டான். மாதேசு ஆள் எப்படி என்றால் சாவி வாங்குவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்ப்பான், டயரை உதைத்துப் பார்ப்பான், இது சரியில்லீங்க, சரி பண்ணிட்டுக் கூப்பிடுங்க என்று மூஞ்சிக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போய்விடுவான். அப்படிப்பட்டவன்தான் செத்தான். அதுவும் ஓட்டும்போதா, இல்லை, நிறுத்திய வண்டியில். போன வைகாசிக்கு முந்தின வைகாசி, ஒரு கல்யாண மண்டபத்தில், மத்தியானம் இரண்டரை மணிக்கு, பந்தி முடிந்து. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பன்னிரண்டு ஏசி ரூம், பெண் வீட்டாருக்கு எட்டு, வீடியோ எடுக்கிறவனுக்குக்கூட ஒரு ரூம். டிரைவருக்கு? கீழ்த்தளத்தில் வண்டியோடு வண்டியாகக் கிடக்க வேண்டியது. காற்றை வெளியே தள்ளுவதற்கு ஒரு பெரிய விசிறி இருந்தது அங்கே, ஓடவில்லை, அதற்குள் புறா கூடு கட்டியிருந்தது. வெக்கை தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுக் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்கினான் மாதேசு, ராத்திரி பூரா மைசூரிலிருந்து ஓட்டி வந்தவன். அர்த்தநாரி அந்தப் பக்கமாகப் போனான். பார்த்தான். சீட்டைச் சாய்த்து வாயைத் திறந்து படுத்திருந்தான், முகம் நல்ல சிவப்பாக, எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் மாதிரி இருந்தது. கண்ணாடியைத் தட்டலாமா என்று விரலை மடக்கிக்கூட விட்டான். அட, தூங்கட்டும் பாவம் என்று போய்விட்டான்.

தூங்கட்டும் பாவம். இந்த இரண்டு வார்த்தையை நினைத்தால் அவனுக்கு அவன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போல இருக்கும். இரண்டு தட்டு. இரண்டே இரண்டு தட்டு. டேய் மாதேசு, எந்திரிடா, டீ குடிக்கலாம் வா என்று சொல்லியிருந்தால் போதும். மண்டபத்துக்காரன் நெஞ்சுவலி என்றான், வண்டிச் சொந்தக்காரன் குடித்திருந்தான் என்றான், குடிக்காதவனைக் குடித்திருந்தான் என்று சொன்னதற்கு அவன் பல்லைப் பேர்த்திருக்க வேண்டும், நான்கு பேர் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் அந்த டாக்டர் பொண்ணுதான் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னது. வண்டிப் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு, அதற்கு வாசம் கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது, இருமல் வராது, ரத்தத்தில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் தலைவலி, அப்புறம் வாந்தி, அப்புறம் தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பது கஷ்டம். அர்த்தநாரி அதை மாதேசு பெண்டாட்டியிடம் போய் அப்படியே ஒப்பித்தான், தலைவலி, வாந்தி, தூக்கம், அது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நீங்க பார்த்தீங்களாமே அண்ணா என்று கேட்டது. பார்த்தேன் தாயி. பார்த்துவிட்டுத்தான் போனேன். ஹாரனை அழுத்தினான், எதிரே ஒன்றுமே வரவில்லை, சும்மா அழுத்தினான். என்னப்பா என்றார் சந்திரமோகன். வளைவுங்க சார் என்றான். பலகையில் நாற்பத்தொன்று என்று இருந்தது.

நாற்பத்தொன்றா? நாற்பத்தொன்றை இப்போதுதானே தாண்டினோம். இல்லை, அது முப்பத்தொன்று, அங்கேதான் பாப்பா வாந்தி எடுத்தது. அம்மா தூக்கிக்கொண்டு இறங்கியது, இவர் குடை பிடித்தார், சுவர் மேல் ஒரு குரங்கு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துப் பாப்பா சிரித்தது, நிவிதா பாரு குரங்கு, நிவிதா பாரு குட்டி என்று அப்பனும் ஆத்தாளும் காட்டினார்கள், அவனும் இறங்கி நின்றான், பாறையோரம் தண்ணீர் வழிந்து ஓடுகிற சத்தத்தில் தலைக்குள் ஏதோ இளகிய மாதிரி இருந்தது. காரவள்ளிச் சோதனைச்சாவடியிலும் அப்படித்தான், பிளாஸ்டிக் பை இருக்கிறதா என்று பார்க்கிறவர்கள் பத்து நிமிஷம் நிறுத்தி வைத்தார்கள், டீ குடித்தான், தலைவலி போயே போய்விட்டது, டீதான் காரணம் என்று நினைத்தான். திரும்ப ஏறினதும் திரும்ப வந்தது. இந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்தாலே வருகிறது, ஆள் ராசி அப்படி என்று மனசுக்குள் திட்டினான். நாற்பத்திரண்டில் கியர் மாற்றக் கை தேடியது, கைக்குக் கியர் எங்கே என்று தெரியவில்லை. ஒரு நொடிதான். இருபத்திரண்டு வருஷம் லாரி ஓட்டிய கைக்குக் கியர் தெரியவில்லை. வயசாகிவிட்டதா, நாற்பத்தேழு ஒரு வயசா, அவன் அப்பன் எழுபதில் மாட்டு வண்டி ஓட்டினான். கோபம்தான், எல்லாம் இந்தப் பாழாய்ப்போன கோபம்தான், ரத்தக்கொதிப்பு இருக்கும், காவேரி போய்ப் பார்த்துவிட்டு வா என்று எத்தனை தடவை சொன்னாள். நாற்பத்திமூன்று. பாப்பா தூங்கிட்டாளா என்று சந்திரமோகன் திரும்பிக் கேட்டார். தூங்கிட்டாளுங்க, வாந்தி எடுத்த அசதி என்று அந்த அம்மா சொன்னது, அதன் குரலும் எங்கேயோ கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது, எனக்கும் மண்டை வலிக்குதுங்க என்றது. அந்தத் தைல டப்பியை வாங்கிக்க என்று இவர் பின்னால் நீட்டினார். யாரும் வாங்கவில்லை. தூங்கட்டும் பாவம் என்றார் சந்திரமோகன்.

அந்த வார்த்தை அவன் மண்டையில் ஓங்கி அடித்தது. என்ன சொன்னார் இந்த ஆள்? தூங்கட்டும் பாவம். பாப்பாவுக்குத் தலை வலிக்குது என்று அந்த அம்மா ராசிபுரத்திலேயே சொன்னது. அப்புறம் வாந்தி. அப்புறம். அடே அர்த்தநாரி, கேனப்பயலே, இரண்டு வருஷமாகக் கண்ட இடத்திலெல்லாம் கண்டவனிடமெல்லாம் ஒப்பித்தாயே, டீக்கடையில் ஒப்பித்தாய், ஸ்டாண்டில் ஒப்பித்தாய், தலைவலி, வாந்தி, தூக்கம் என்று கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாயே, இப்போது உன் மண்டையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது, உனக்குத் தெரியவில்லை, ரத்தக்கொதிப்பு என்கிறாய், ஆள் ராசி என்கிறாய். கோபம் இல்லையடா இது. தகரம் சுற்றிக் கட்டிய சைலன்சர், டிக்கித் தரையில் ஓட்டை, வெளிக்காற்று வராமல் அடைத்த ஏசி, முதல் கியரில் ஒரு மணி நேரமாக மலையேற்றம், முன்னால் உட்கார்ந்திருக்கிற உனக்கே கியர் எங்கே என்று தெரியவில்லை என்றால் டிக்கியை ஒட்டிப் படுத்திருக்கிற அந்த ஆறு வயசுப் பிள்ளைக்கு. மேல் கண்ணாடியில் பார்த்தான். பாப்பாவின் தலை அம்மா முழங்கையிலிருந்து நழுவித் தொங்கியது, வண்டி திரும்புகிற பக்கமெல்லாம் தலையும் திரும்பியது. முகம் சிவப்பா என்று தேடினான், மழை இருட்டில் நிறம் தெரியவில்லை. நாற்பத்திநாலாவது வளைவில் ஒரு பஸ் ஒதுங்குகிற அளவுக்கு இடம் இருந்தது. ஓரம் கட்டினான், எஞ்சினை அணைத்தான், சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டான், இறங்கினான். நான்கு கதவையும் விரியத் திறந்துவிட்டு, அம்மா, புள்ளைய எறக்குங்க, எந்திரிக்கறாளா பாருங்க என்று கத்தினான்.

அந்த அம்மா உலுக்கியது. பாப்பா எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை உலுக்கியது, கன்னத்தில் தட்டியது, நிவி, நிவிம்மா, நிவி. அப்போது அந்த அம்மா முகத்தில் வந்த பயத்தை அவனால் பார்க்க முடியவில்லை, அவனே உள்ளே குனிந்து பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே வந்தான், எலும்பே இல்லாத மாதிரி கிடந்தது. தூறல் முகத்தில் விழுந்தது. சந்திரமோகன் குடையைத் தேடிக்கொண்டிருந்தார், குடை, இந்த நேரத்தில் குடை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எதையோ எண்ணினான், மூச்சையா, எண்ணிக்கை தப்பியது, திரும்ப ஒன்றிலிருந்து எண்ணினான். பாப்பா கண்ணைத் திறந்தது. திறந்து யாரோ ஒரு மீசைக்காரன் முகத்தைப் பார்த்து வீரிட்டு அழுதது. அழு சாமி, நல்லா அழு. அவன் சட்டையில் புளிப்பாக வாந்தி எடுத்தது. அம்மாவிடம் கொடுத்தான். அந்த அம்மா சாலையோரச் சுவரில் உட்கார்ந்து முந்தானையால் மூடிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பாப்பா தண்ணீர் கேட்டது, அப்புறம் குரங்கு எங்கே என்று கேட்டது, அப்புறம் பையில் இருக்கிற முறுக்கைக் கேட்டது. வந்தது வினை. பிள்ளை முறுக்குக் கேட்டதும் சந்திரமோகனுக்கு உயிர் வந்துவிட்டது, உயிரோடு கூடவே அந்த அதிகாரமும் வந்துவிட்டது. பாத்தியா, நல்லாத்தான இருக்கா, வளைவு ஒத்துக்கல, அவ்வளவுதான், அதுக்குள்ள நடு ரோட்டுல நிறுத்தி ஊரைக் கூட்டுற என்றார்.

அர்த்தநாரி தணிந்துதான் பேசினான். அது அவனுக்கே ஆச்சரியம். சைலன்சர் புகை டிக்கி வழியாக உள்ளே வருகிறது, காற்றுப்பட நின்றதால் பிள்ளை தெளிந்தது, திரும்ப உள்ளே போட்டு அடைத்தால் திரும்ப மயங்கும், வண்டி இங்கேயே நிற்கட்டும், பின்னால் மலை மேலே செம்மேடு போகிற பஸ் வரும், அதில் ஏறி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிள்ளையைக் காட்டுங்கள் என்றான். சந்திரமோகன் வண்டிக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தார். தைலமும் எலுமிச்சையும் மணக்கிற வண்டிக்குள் என்ன வாசம் வரும்.

"பொகை வந்தா எனக்கு வாசம் தெரியாதா? மூக்கு இல்லியா எனக்கு?"

"அதுக்கு வாசமே இல்லீங்க. வாசம் இருந்திருந்தா எங்காளு செத்திருக்க மாட்டான்."

அவர் காதில் விழவில்லை. மணி பன்னிரண்டு இருபது, இன்னும் இருபத்தாறு வளைவு, நடை சாத்திவிடுவார்கள், பஸ்ஸில் கண்டவன் இருமுவான், பிள்ளைக்கு இளைப்பு வந்தால் நீ வந்து பார்ப்பாயா என்று அடுக்கிக்கொண்டே போனார். சரி, நாலு கண்ணாடியையும் முழுசாக இறக்கிவிட்டாவது போங்கள் என்றால் மழையைக் கை நீட்டிக் காட்டினார். பிள்ளை மேல் பாசம் இல்லாமல் இல்லை, அதுதான் அர்த்தநாரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது, பாசத்தோடுதான் அடைத்து வைத்துக் கொல்லப் பார்க்கிறான் இந்த மனுஷன். சாவியைக் கேட்டார். அர்த்தநாரி சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டான். அவர் சிரித்தார். இடுப்புப் பையைத் திறந்து இன்னொரு சாவியை எடுத்தார். நீ பஸ்ல வா, நானே ஓட்டிக்கறேன் என்றார். ரேணுகா, ஏறு என்றார். அந்த அம்மா புருஷனைப் பார்த்தது, வண்டியைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

அவ்வளவுதான், அதற்கு மேல் அவன் யோசிக்கவில்லை. இடது முன்சக்கரத்துக்கு எதிரே போய்ச் சாலையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். லாரிக்காரனின் சொந்தச் சாவிக்கொத்தில் டயர் வால்வுப் பின்னைக் கழற்றுகிற சின்னத் திருகி எப்போதும் தொங்கும், மூடியைச் சுழற்றி எறிந்தான், திருகியை விட்டுத் திருப்பினான், பின் அவன் உள்ளங்கையில் தெறித்து விழுந்தது, காற்று சீறிக்கொண்டு முகத்தில் அடித்தது. சந்திரமோகன் பாய்ந்து வந்தார். சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார், நாயே என்றார், போலீஸ் என்றார், உன்னை அனுப்பிய டிரைவர் ஆபீசுக்குப் போன் போட்டு உனக்கு இனி எந்த வண்டியும் கிடைக்காமல் பண்ணுகிறேன் என்றார். பண்ணுவார், செய்யக்கூடிய ஆள்தான். தோளில் ஒரு உதை விழுந்தது. வலித்தது. விழட்டும். கீழ்த்தளத்தில் விரலை மடக்கிவிட்டுத் தட்டாமல் போனானே, அந்த விரல் இப்போது அந்தப் பின்னைப் பிடித்திருந்தது, அதைப் பள்ளத்தாக்கில் விட்டெறிந்தான். டயர் உட்கார்ந்தது. எங்கிட்ட ஸ்டெப்னி இருக்குடா, அஞ்சு நிமிஷத்துல மாத்தறேன் பார்றா என்று கத்திக்கொண்டே அவர் டிக்கிப் பக்கம் ஓடினார். ஸ்டெப்னி ஒன்றுதான் இருக்கும் என்பது அர்த்தநாரிக்குத் தெரியாதா. எழுந்து இந்தப் பக்கம் வந்து வலது சக்கரத்துக்கு எதிரே உட்கார்ந்தான்.

பின்னால் பைகளை எடுத்துக் கீழே வைக்கிற சத்தம், தரைப்பலகையைத் தூக்குகிற சத்தம் கேட்டது. அப்புறம் அந்த அம்மாவின் குரல் மட்டும் கேட்டது, பாப்பாவோட பாவாடைங்க, பாருங்க என்றது. அர்த்தநாரி வண்டியோரமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தான். கோயிலில் உடுத்துவதற்கென்று மடித்து வைத்திருந்த மஞ்சள் பட்டுப்பாவாடை, அடிப்பக்கம் முழுக்கக் கரி, சட்டி அடி மாதிரி. டிக்கித் தரையில் ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் வயர் இறங்கிய ஓட்டையைச் சுற்றிலும் கரி, ஓட்டைக்குள் சாலையின் ஈரம் பளபளத்தது. சந்திரமோகன் குனிந்தபடியே இருந்தார், நிமிரவில்லை. அந்த அம்மா பாவாடையைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையோடு சுவர் ஓரமாகப் போய் பஸ் வருகிற திசையைப் பார்த்து நின்றுகொண்டது.

அவர் நடந்து வந்தார். பக்கத்தில் வந்து நின்றது அவர் செருப்பு, அதுதான் தெரிந்தது. "அண்ணா, போதுங்க," என்றார். "விட்டுருங்கண்ணா." காலையிலிருந்து முதல் தடவையாக ஒரு 'ங்க' வந்தது. அர்த்தநாரி நிமிர்ந்து பார்க்கவில்லை. திருகியை விட்டுத் திருப்பினான், காற்று சீறியது, மலைக்காற்றோடு கலந்து போனது, அடுத்த ஆக்டிங் டிரைவரை வைத்துக்கூட இந்த வண்டியை இவர் இன்றைக்கு நகர்த்த முடியாது. இரண்டாவது பின்னையும் தூக்கிப் பள்ளத்தில் எறிந்தான். தலையைத் தொட்டுப் பார்த்தான். தலைவலி போயிருந்தது. கோபம் அப்படியே இருந்தது.